மலைக்கு வாங்கிய வண்டியில் மதியச் சாப்பாடு

மதியச் சாப்பாட்டுத் தொழிலில் சமைப்பது சின்ன வேலை; சமைத்ததைச் சூடு ஆறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தொழிலே. வீட்டில் உலை வைத்து ஊருக்குச் சோறு கட்டும் தோழிகளே, உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

மந்தைவெளியில் என் சமையலறை. மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என்று சில வீடுகள், சில கடைகள். எல்லாவற்றிலும் பெரிய கை, அடையாற்றில் ஒரு பல் டாக்டரம்மா. அவருக்கும் ஊழியர்களுக்குமாக தினம் ஆறு சாப்பாடு. மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளங்களில் வயிறு தட்டித் தட்டி என் ஸ்கூட்டர் படுத்துவிட்டது. ஆட்டோவில் போனால் டைவர்ஷனுக்குள் டைவர்ஷன். இரண்டு முறை லேட். "இன்னொரு தடவை ஒரு மணி தாண்டினா ஆப்ல ஆர்டர் பண்ணிக்கறோம்" என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த ஆறு சாப்பாடு போனால் என் அடுப்பில் பாதி அணைந்த மாதிரி.

வீட்டில் இன்னொரு வண்டி, உறை போர்த்திக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது. என் கணவர் மலையேறுவதற்கென்றே வாங்கியது. நானூறு சிசி, ஒற்றை சிலிண்டர், கல், முள், மணல் எல்லாம் தாண்டுமாம். ஏலகிரிக்கு ஒரே ஒரு தடவை போனார். வண்டி நல்லபடியாகத் திரும்பி வந்தது. அவர் இடுப்புதான் வரவில்லை. "அது ரோடே இல்லாத எடத்துல ஓட்டற வண்டிடி" என்றார். "நம்ம தெருவில் ரோடு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றேன். சாவி கைக்கு வந்தது.

ஏறுவது ஒரு கலை

கியர் வண்டி எனக்குப் புதிதில்லை. கல்லூரி நாளிலேயே அண்ணன் வண்டியில் பழகி லைசென்ஸ் எடுத்தவள். உயரம்தான் புதிது. ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலும் அந்தரத்தில். ஒரு பக்கம் சாய்ந்தால் கட்டைவிரல் மட்டும் தரையை விசாரித்துவிட்டு வரும்.

எனக்குக் காய் நறுக்கிக் கொடுக்கும் சாந்தி, சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து வண்டி பக்கத்தில் போட்டாள். ஏறினேன். பின்னால் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிவிட்டு, முக்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏர்றதுக்கு நான் கீறேன்க்கா. அடையாறுல எறக்கிவுட யாரு கீறா?"

நொச்சிக்குப்பத்தில் ஓய்வு

அவள் வாய் முகூர்த்தம். கடற்கரை ஓரமாகப் போனால் சீக்கிரம் என்று நொச்சிக்குப்பம் வழியாக விட்டேன். எதிரில் ஓர் ஆட்டோ, எந்தச் சைகையும் காட்டாமல், தன் சொந்த வீட்டுக்குள் திரும்புவதுபோல் திரும்பியது. பிரேக் போட்டேன். ஓரமாகக் கால் ஊன்ற ஒரு மேடு வேண்டுமே! கான்வென்டில் படித்த அத்தனை ஆங்கிலத்தையும் ஆட்டோக்காரர் முதுகில் கொட்டிக்கொண்டே சாய்ந்தேன்.

கால் பட்ட இடம், சாலையோரம் மீன் விற்கும் அம்மாவின் ஐஸ் பெட்டி. பெட்டிக்குள் மீன், என் முதுகுக்குப் பின்னால் சுத்த சைவம். பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இன்னாத்துக்கு பதர்றே? நல்லா ஊனிக்கினு நில்லு. வஞ்சிரம் ஒண்ணும் சொல்லாது."

தயிர் போன வழி

ஒற்றை சிலிண்டர் என்றால் என்ன என்று கம்பெனிக்காரர்கள் பக்கம் பக்கமாக விளக்குவார்கள். நான் ஒரே வரியில் சொல்கிறேன்: மத்து. மந்தைவெளியில் கெட்டித் தயிராக ஏறியது, பள்ளத்துக்குப் பள்ளம் கடைபட்டு, மயிலாப்பூர் மாட வீதியில் மோராக இறங்கியது. அதன் மேல் வெண்ணெய் வேறு திரண்டு கிடந்தது. இப்போது பழம்புடவையைச் சும்மாடாகச் சுற்றி அதன்மேல் தயிர்த் தூக்கை வைக்கிறேன், வாய் வரை நிரப்பி. அலுங்குவதில்லை. (குறித்துக்கொள்ளுங்கள், உதவும்.)

அந்த முதல் நாள், மாட வீதி மாமி தூக்கைத் திறந்து கரண்டியை விட்டு, தூக்கி, வழியவிட்டுப் பார்த்தார். கோபமே இல்லை. "நாளைக்குப் பாலா அனுப்பிச்சுடேன். எங்காத்துக்கு வந்து சேரறதுக்குள்ள என்னவா ஆறதுன்னு பாத்துடலாம்."

பனகல் பார்க்கில் பரிசோதனை

தி. நகர் சிக்னலில், தூறலுக்காக ஹெல்மெட்டும் மழைக்கோட்டுமாக வந்தவளை, "தம்பி, ஓரங்கட்டு!" என்றார் டிராபிக் காவலர். ஓரம்தான் எனக்கும் வேண்டும்; நடைபாதையில் காலை ஊன்றி ஹெல்மெட்டைக் கழற்றினேன். பாவம், யாரோ பெண் அதிகாரி என்று சல்யூட் அடிக்கப் போன கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். லைசென்ஸ் சரி, இன்சூரன்ஸ் சரி. பின்னால் பெட்டியில் என்ன என்றார். திறந்தேன். சின்ன வெங்காய சாம்பாரின் வாசனை சிக்னல் வரைக்கும் போனது.

குனிந்து ஒருமுறை நன்றாக முகர்ந்தார். பிறகு மிகவும் கண்டிப்பாகச் சொன்னார்: "போங்க மேடம். நாளைக்கும் இதே டயத்துக்கு வாங்க, மறுபடி செக் பண்ணணும்."

ஒரு மணிக்குள்

பிறகு ஒரு நாள் பெருமழை வந்தது. அடையாற்றில் தெரு எது, கால்வாய் எது என்று தெரியவில்லை. ஸ்கூட்டர்கள் எல்லாம் உருட்டப்பட்டுக்கொண்டிருந்தன; ஆப்காரப் பிள்ளைகள் கடை வாசலில் ஒதுங்கி நின்றார்கள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் கால் எங்கே ஊன்றுவது? இந்த வண்டிக்கு சைலன்சர் மேலே தூக்கி இருக்கிறது, தண்ணீர் புகாது. முதல் கியரிலேயே, ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றபடி, சக்கரம் பாதி முழுக முழுகப் போனேன். கிளினிக் சாய்தளத்தில் ஏறி நின்றபோது மணி ஒன்றாகப் பத்து நிமிஷம். ஒரு சொட்டு ரசம் சிந்தவில்லை.

உள்ளே விளக்கு எரிந்தது, ஆள் அரவம் இல்லை. டாக்டரம்மா தானே ரிசப்ஷன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆறு கேரியரையும் மேஜையில் வரிசையாக வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தார், கேரியர்களைப் பார்த்தார், காலி நாற்காலிகளைப் பார்த்தார். "இனிமே ஆப் பேச்சே எடுக்க மாட்டேன், சத்தியமா. ஆனா அடுத்த மழைக்கு, வர்ற வழியில என் ஸ்டாஃப் அஞ்சு பேரையும் ஏத்திக்கிட்டு வந்துடறீங்களா?"

பெரிய வண்டி ஒன்று இருந்தால், இந்த ஊரில் சோறு சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பசிதான் வழியில் எங்காவது மாட்டிக்கொள்ளும்.