அழாத பிள்ளை

“பாப்பா... ஏ பாப்பா!”

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில், உட்கார இடமிருந்தும் உட்காராமல், பின்னால் நின்றுகொண்டு கொளஞ்சியம்மாள் கூப்பிடுகிறாள். முன் சீட்டில் தாயின் மடியில் இருக்கும் குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தால் விஷயம் முடிந்தது. ஒரு பிஸ்கட்டைக் கையில் திணித்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுவாள். திரும்பாவிட்டால்தான் வம்பு. தாயின் தோளைத் தட்டுவாள். “புள்ள பேரு இன்னா? நீ கூப்புடு, திரும்புதான்னு பாக்கலாம். வேணும்னா கைய நீட்டிக் காட்டுமா? உன் மூஞ்சப் பாக்குமா?” என்று விசாரணை ஆரம்பமாகிவிடும்.

எந்தத் தாய்க்கு இது பிடிக்கும்? முந்தானையால் குழந்தையின் தலையை மூடிக்கொள்கிறவர்கள் உண்டு. அவள் இறங்கிப் போனதும் காலடி மண்ணை எடுத்துச் சுற்றிப் போடுகிறவர்கள் உண்டு. சின்னசேலம் பஸ்ஸில் ஒருத்தி செருப்பையே கழற்றிவிட்டாள். “கழட்டுனா இன்னா, அடிச்சிட்டுப் போவட்டும். ஆனா புள்ளயக் கூட்டிக்கினு போயி காட்டுடின்னு கத்திட்டுத்தான் எறங்கினன்” என்கிறாள் கொளஞ்சி. கண்டக்டருக்கு அவளைப் பார்த்தால் கேலி. “இன்னா கொளஞ்சி, எல்லாப் புள்ளைங்களும் ஆஜரா? ரைட் சொல்லட்டுமா?” என்பார்.

ஆள் குள்ளம், ஒல்லி. தொண்டை மட்டும் பெரிது. புடவைமேல் எப்போதும் ஒரு முழுக்கை ஆண்சட்டை போட்டிருப்பாள். கரும்பின் காய்ந்த இலையான சோகை கையைக் கிழிக்காமல் இருக்க, கரும்பு வெட்டுக்குப் போகிற பெண்கள் இப்படிப் போடுவது வழக்கம்தான். இவள் சந்தைக்கும் கல்யாணத்துக்கும்கூட அதோடுதான் போவாள். புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், போனவன்தான். “அந்த மனுசன் உட்டுட்டுப் போனதுல இந்தச் சட்ட ஒண்ணுதான் ஒழைக்கிது சார்” என்று சொல்லிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வாள்.

டிரைவருக்குப் பின் சீட்டில் ஜன்னலோரம் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். அவள் மகன் தங்கதுரை. பதினோரு வயது, அம்மாவைவிட உயரம். பேச்சு கிடையாது. காய்ந்த சோகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நார் நாராகக் கிழித்துக்கொண்டே வருவான். இறங்கும் இடம் வந்தால் அம்மாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுப்பான். அவ்வளவுதான் அவனுடைய பேச்சு.

நான் பள்ளிக்கூட வாத்தியார். பள்ளிக்குப் போக வர அதே பஸ்தான். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் கரும்புக் கொல்லை உண்டு. அதை வெட்ட வருகிற ஆட்களுக்குத் தண்ணீர் தூக்க வந்துதான் கொளஞ்சி எனக்குப் பழக்கமானாள். கரும்பு வெட்டில் தனி ஆளுக்கு வேலை இல்லை, ஜோடிக்குத்தான் வேலை. புருஷன் வெட்டிச் சாய்ப்பான். பெண்டாட்டி சோகை உரித்து, கரும்பின் நுனியிலிருக்கும் பச்சைக் கொழுந்தாடையால் கட்டுக் கட்டி, தலையில் தூக்கிக்கொண்டு டிராக்டருக்குப் போவாள். ஜோடியில் ஒருவர் வராவிட்டால் மற்றவரும் அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டியதுதான். பிள்ளைகள் வரப்போரத்து வேம்பில் தூளியில் தொங்கும். தவழ்கிற வயதென்றால் சோகைக் குவியல்மேல் கிடக்கும்.

அங்கே எது நல்ல பிள்ளை? அழாத பிள்ளை. அம்மா பின்னால் ஓடி வராத பிள்ளை. வெட்டுகிறவன் அரிவாளுக்கும் டிராக்டர் சக்கரத்துக்கும் நடுவே வந்து நிற்காமல், போட்ட இடத்தில் கிடக்கிற பிள்ளை. கொளஞ்சியும் புருஷனும் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் தங்கதுரை அப்படித்தான் கிடந்தான். மற்ற பெண்கள் தங்கள் பிள்ளைகளை அறைந்து, “அவனப் பாத்துக் கத்துக்கடா” என்றார்களாம். மேஸ்திரி அவனுக்கு மிட்டாய் வாங்கி வந்து கொடுத்தாராம்.

“பசிச்சாக்கூட அழமாட்டான் சார். நான் கட்டத் தூக்கிக்கினு போவன், வருவன், அவன் பாட்டுக்கு சோகையக் கிழிச்சிக்கினே இருப்பான். என்னத் தேடவே மாட்டான். எல்லாரும் மெச்சிக்கினாங்க. நானும் பெரும பட்டுக்கினன்.” இந்த இடத்தில் அவள் நிறுத்திவிடுவாள். மேலே கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

கொளஞ்சிக்குத் தெரியாதுதான். தெரிந்திருக்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள்? அங்கன்வாடியில் எடை போட்டார்கள், எடை சரியாக இருந்தது. உயரம் அளந்தார்கள், அதுவும் சரி. சத்துமாவு கொடுத்து அனுப்பினார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்று வயதாகியும் பேசவில்லையே என்று ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவர் தலை நிமிராமலே, “ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசுவான், போம்மா” என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அது அந்தப் பையனின் கிட்டத்தட்ட மூன்று வருஷத்தைத் தின்றுவிட்டது. எனக்கு அந்த டாக்டர் யாரென்று தெரியாது. தெரிந்தால் நேரில் போய்க் கேட்பேன்.

டாக்டர் கைவிட்ட இடத்தில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பேச்சு வரட்டும் என்று கோயிலில் மணி கட்டினார்கள். மணியைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றி அவன் வாயில் புகட்டினார்கள். பிறகு காதோரம் அதை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்கள். கொஞ்சம் பெரிய சத்தம் என்றாலே உடம்பு வெடவெடக்கிற பிள்ளை அது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கல்தரையில் புரண்டு அலறியிருக்கிறான். “வாய் தொறந்துட்டான்!” என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டதாம்.

கடைசியில் யாரோ சொல்லிக் கள்ளக்குறிச்சிப் பயிற்சி மையத்துக்கு வந்து சேர்ந்தாள். வாடகை வீடு, பெரிய போர்டு. திறப்பு விழாவுக்கு வாங்கிய பிளாஸ்டிக் பந்துகள் ஒரு தொட்டி நிறையக் கிடக்கின்றன. மூன்று பேர் வேலை பார்க்க வேண்டிய இடத்தில் பவுலின் என்ற ஒரே ஒரு பெண். செவ்வாயும் வெள்ளியும் பேச்சுப் பயிற்சி. பவுலின் தரையில் உட்கார்ந்து தங்கதுரையோடு அரை மணி நேரம் விளையாடிப் பார்த்துவிட்டு, இது ஆட்டிசமாகத்தான் இருக்கும் என்று சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி உறுதிப்படுத்திக்கொண்டாள். அப்படியென்றால் என்ன, இனி என்ன செய்யலாம் என்று கொளஞ்சிக்குப் புரியும்படி பொறுமையாக எடுத்துச் சொன்னாள். பிறகு வாய் தவறிச் சொல்லிவிட்டாள்: “இன்னும் முன்னாடியே வந்திருக்கலாமே அக்கா. ரெண்டு வயசுல வந்திருந்தா நெறய செஞ்சிருக்கலாம்.”

அந்த மையத்தில் ஆறு வயது வரைக்கும்தான் சேர்த்துக்கொள்வார்கள். தங்கதுரைக்கு ஆறு முடிய இரண்டு மாதம் இருந்தது. இரண்டு மாதம் அவன் போனான், அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுக்கக் கற்றுக்கொண்டான், ஆறு முடிந்தது, வெளியே அனுப்பிவிட்டார்கள். முதல் ஐந்து வருஷம் ‘பொறு, பொறு’ என்று சொன்ன அதே வாய்கள்தான் ஆறாவது வருஷம் ‘நேரமாயிடுச்சு’ என்றன. “நான் லேட்டா வரல சார். நான் மூணு வயசுலயே போனன். அவங்கதான் லேட்டாக்குனாங்க” என்கிறாள் கொளஞ்சி.

அன்றிலிருந்துதான் இந்தப் பஸ் விசாரணை. மரவள்ளி பிடுங்க ஆள் கூப்பிட்டால் வெள்ளிமலைக்கும் போவாள். போன இடத்திலும் வேலை முடிந்ததும் வீடு வீடாக ஏறி இறங்குவாள். கல்வராயன் மலையில் பிள்ளை பிறக்காத ஊர் இருக்கிறதா? ஆனால் பேச்சுப் பயிற்சிக்குப் போக வேண்டுமென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி, பஸ் பிடித்து, கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும். ஒரு பவுலின் வாரத்தில் ஒரு நாள் மலையேறினால் போதும். அதற்கு ஜீப் இல்லையாம். மந்திரிமார் வரும்போது மட்டும் எத்தனை ஜீப் ஏறுகிறது!

அவள் சொல்வதெல்லாம் சரியாகவும் இருக்காது. வெள்ளிமலையில் ஒரு குழந்தை திரும்பவில்லை என்று ஊரைக் கூட்டி, தாயை அழவைத்து, மலையிறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தாள். பார்த்தால் காதில் சீழ். மருந்து ஊற்றியதும் குழந்தை சரியாகிவிட்டது. அந்தத் தாய் இன்றைக்கும் இவளைக் கண்டால் திட்டுகிறாள். “திட்டட்டும். காதுன்னாலும் பாக்கத்தான வேணும்?” என்று இவள் வெட்கமே இல்லாமல் சிரிக்கிறாள்.

இந்த வருஷம் எங்கள் கொல்லைக்கு வந்த ஜோடிகளில் பழனியும் தங்கமணியும் உண்டு. அவர்கள் மகள் அஞ்சலைக்கு இரண்டு வயது. சோகைக் குவியல்மேல் உட்கார வைத்தால் வெயில் நகர்ந்து முகத்தில் அடித்தாலும் நகராது. மேஸ்திரி, பாவாடை என்று பேர், குழந்தையை என்னிடமே பெருமையாகக் காட்டினார். “இன்னா அடக்கம் பாருங்க சார். பொறந்தா இந்த மாதிரிப் பொறக்கணும்.” ஆட்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்திருந்த கொளஞ்சியின் காதில் அது விழுந்தது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கூப்பிட்டாள், கை தட்டினாள், பிஸ்கட்டைக் காட்டினாள். குழந்தை தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. மறு செவ்வாய்க்கிழமை தங்கமணியை இழுக்காத குறையாகக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பவுலின் பார்த்துவிட்டு, சந்தேகமாக இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்கும் எழுதித் தருகிறேன், ஆனால் பயிற்சியை இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம், வாரம் இரண்டு நாள் தவறாமல் வர வேண்டும் என்றாள்.

பழனி ஒரேயடியாக மறுத்தான். “வெட்டு முடியட்டும்க்கா. சித்திரையில பாத்துக்கலாம். இவ பூட்டா நான் யாரோட ஜோடி போடறது?”

“என்னோட போடு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “செவ்வாயும் வெள்ளியும் நான் வந்து உனக்குக் கட்டுக் கட்டறன். அவ புள்ளயக் கூட்டிக்கினு போவட்டும். சித்திர வரைக்கும் பொறுன்னு சொல்ற பாரு, இந்த வார்த்தைய இனிமே என்கிட்ட யாரும் சொல்லாதீங்க.”

அடுத்தவள் புருஷனோடு ஜோடி போட்டுவிட்டாள் என்று ஊர் பேசியது. பேசின பேச்சை இங்கே எழுதினால் தாள்தான் அசிங்கமாகும். கொளஞ்சி விடியலில் மகனைக் கூட்டிக்கொண்டு வருவாள், அவனை வேப்பமரத்தடியில் உட்கார வைப்பாள், பழனியின் பின்னால் குனிந்தால் மதியம் தங்கமணி பஸ்ஸில் திரும்பும்வரை நிமிரமாட்டாள். பவுலின் சொல்லிக்கொடுத்ததைத் தங்கமணி வீட்டிலும் செய்தாள். குழந்தையின் எதிரே உட்கார்வது, பெயர் சொல்வது, சோறோ பொம்மையோ அது கண்ணைத் தூக்கித் தன்னைப் பார்க்கும்வரை பொறுத்துக் கொடுப்பது. ஒரு நாளில் ஆகிற காரியமா அது? தை போனது. மாசி வந்தது.

மாசியில் அஞ்சலை அழ ஆரம்பித்தது. பிஸ்கட் தாமதமானால் அழுதது. தூளியில் போட்டால் அழுதது. கொல்லை முழுக்க அதே பேச்சு. “செவனேன்னு கெடந்த புள்ளய அங்க கூட்டிக்கினு போயி கெடுத்துட்டாங்க” என்றார் பாவாடை. “வேல ஓடல. சத்தம் ஜாஸ்தியா பூடுச்சி. இப்பிடியே போனா வேற ஜோடி பாத்துக்கறன்.” பழனி தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்குச் சாயங்காலம் தங்கமணியிடம், “வர்ற வெள்ளியோட நிறுத்திக்க. போனது போதும்” என்று சொல்லிவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். மதியம் தங்கமணி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். குழந்தையைச் சோகைமேல் உட்கார வைத்துவிட்டு, அழுது சிவந்த கண்ணோடு வேலையில் இறங்கினாள். கொளஞ்சி கையைக் கழுவிக்கொண்டு மகனைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். தங்கமணி கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு டிராக்டர் பக்கம் நடந்தாள்.

பின்னால் அலறல் கேட்டது. அஞ்சலை எழுந்து நின்றது. வெட்டிய கரும்பின் அடிக்கட்டை குத்துகிற தரையில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, ஓடியது. தாயின் புடவைக் கொசுவத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தை அண்ணாந்து பார்த்துக் கதறியது. தலையில் கட்டு, தங்கமணியால் குனிய முடியவில்லை.

“யாருய்யா அது, புள்ளயத் தூளியில போடுங்க! வாய மூடுங்க அத!” என்று மேஸ்திரி அங்கிருந்து கத்தினார். பழனி அரிவாளை நிறுத்திவிட்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொளஞ்சி மகன் கையை விட்டுவிட்டு ஓடினாள். “தேடுதுடி... உன்னத்தான்டி தேடுது!” என்றாள். கரும்புக் கட்டைத் தங்கமணி தலையிலிருந்து இழுத்துத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டு, மேஸ்திரியைத் தாண்டி டிராக்டருக்கு நடந்தாள்.