தோடம்பழப் பெட்டியில் ஒட்டியிருந்த சிவப்புப் பாவாடைக்காரி

கொதிக்கும் கேத்திலின் ஆவியில் காட்டினால் பசை இளகி, தோடம்பழப் பெட்டியின் 'லேபிள்' கிழியாமல் கையோடு வரும். அந்தப் புளித்த பசை மணம் லண்டனில், எங்கள் லூயிஷாம் பழக்கடையின் பின்னறையில் எப்போதும் இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் கடையைப் பார்க்க, ஒன்பது வயதில் நான் ஸ்பெயின் ஆரஞ்சு வந்த மரப்பெட்டிகளிலிருந்து காளை, சூரியன், சிவப்புப் பாவாடைக்காரி என்று படம் படமாக உரித்துச் சேர்த்தேன்.

அந்தக் காலத்து மொத்தச் சந்தையில் ஆணியடித்த பெட்டியை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க நேரமில்லாததால், தூரத்தில் நிற்கும் வியாபாரியின் கண்ணைப் பறிக்கத்தான் தோட்டக்காரர்கள் இப்படிப் பளபளக்க அச்சடித்து ஒட்டினார்கள் என்பார் அப்பா. "படம் வடிவெண்டா பழத்தை ஆர் பாக்கிறது?"

படத்தைப் பார்த்தே சித்தப்பாவுக்குப் பேசிய பெண் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கினார். படத்தில் ஸ்டூடியோக்காரர் அழித்திருந்த அம்மைத் தழும்புகள் கன்னத்தில் அப்படியே இருந்தன. "லேபிளைப் பாத்துப் பெட்டியை எடுத்திட்டன் அண்ணை," என்று சித்தப்பா அவர் காதுபடவே அப்பாவிடம் சொன்னார். தான் அனுப்பிய படத்தில் தலை நிறைய முடி இருந்தது சித்தப்பாவுக்கு மறந்துபோயிற்று.

'எழுத்து' என்கிற கலியாணப் பதிவுக்கு ஒரு வாரம் இருந்தது. அது நடந்தால்தான் அந்தப் பெண் இங்கே தங்கலாம். "வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்ப ஏலாது," என்று அம்மா அடித்துச் சொன்னதில் சித்தப்பாவும் அரைமனதாக இணங்கியிருந்தார்.

சனிக்கிழமை கடை நிறையச் சனம். குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் கோட்டு முதுகில் நான் சிவப்புப் பாவாடைக்காரியை ஒட்டிவிட்டேன். வந்தவர்கள் சிரித்தார்கள், அன்பாகத்தான் சிரிக்கிறார்கள் என்று நம்பி அவரும் ஒவ்வொருவருக்கும் திருப்பிச் சிரித்தார். சித்தப்பாவின் கூட்டாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சனம் முழுக்கச் சிரிக்குது. எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்," என்றார் சித்தப்பா.

அம்மா லேபிளைப் பிய்த்தெடுத்து, யார் ஒட்டியது என்று அதட்டினார். தெரியாது என்றேன். "பிள்ளையள் விளையாடியிருப்பினம், விடுங்கோ அக்கா," என்று அந்தப் பெண் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். புதன்கிழமை விமானமேற்றிவிட்டார்கள். அங்கே அப்போது குண்டு விழுந்துகொண்டிருந்தது.

இப்போது படத்தை அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்துவிடுகிறார்கள், உரிக்க ஒன்றுமில்லை. பழைய லேபிள்களை விம்பிள்டனில் ஒரு கடையில் கண்ணாடிச் சட்டமிட்டு விற்கக் கண்டு, வெட்கம் தாங்காமல், அவருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். மணப்பெண் என்ற அர்த்தத்தில் எல்லோரும் 'பொம்பிளை' என்றே சொல்லிவந்ததால் பெயர் எனக்குத் தெரியவில்லை. பேரப்பிள்ளைகளோடு டிவி பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவைத் தொலைபேசியில் கேட்டேன்.

"எந்தப் பொம்பிளை?" என்றார்.