பின் சீட்டில் கட்டிய குழந்தை நாற்காலி

தென்னேரிப் பக்கத்தில் வைக்கோல் பாரம் கட்ட அந்நாளில் என்னை விட்டால் ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மாட்டு வண்டியில் ஆள் உயரத்துக்கு மேல் வைக்கோலை ஏற்றி, மேலே கயிற்றைப் போட்டு, ஒரு கழியைச் செருகி முறுக்கிவிட்டேன் என்றால் எந்தப் பள்ளத்தில் வண்டி இறங்கினாலும் ஒரு தாள் உதிராது. எண்பதுகளின் தொடக்கத்தில், மனைவியையும் மூன்று மாதப் பெண் குழந்தையையும் அழைத்துவர உத்திரமேரூரில் மாமனார் வீட்டுக்குப் போனபோதும் அதே தெம்போடுதான் போனேன்.

வாடகைக் கார் வாசலில் நின்றது. உள்ளே போனால் கூடத்தின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பாதி தொட்டில், பாதி முறம் மாதிரி இருந்தது. தோளுக்கு இரண்டு வார், நடுவில் ஒரு கொக்கி. அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மச்சான் லீவில் வந்தவர், தன் பிள்ளைக்கு வாங்கியதைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். காரில் குழந்தையை உட்கார வைக்க என்றாள் மனைவி.

"மடி இன்னாத்துக்கு கீது?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. நிறைமாதத்தில் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனபோது டிரைவர் சட்டென்று பிரேக் போட, முன் சீட்டுக்காரியின் மடியிலிருந்த கைக்குழந்தை தெறித்துப் போய்க் கம்பியில் மோதியதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அந்தத் தாய் கையை இறுக்கித்தான் வைத்திருந்தாளாம். "என் கையும் அவ கை மாதிரிதாங்க. இதுல வெச்சாதான் நான் வருவேன்" என்றாள். பத்தாவது வரை படித்தவள், நாற்காலியோடு வந்த படத் தாளை வரி வரியாகப் படித்து வைத்திருந்தாள். குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டுமாம். காரிலுள்ள பெல்ட்டை நாற்காலியின் இந்த ஓட்டை வழியாக விட்டு இறுக்க வேண்டுமாம்.

எங்கள் காரில் ஏது பெல்ட்? டிரைவர் கையை விரித்தார். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. டிக்கியிலிருந்த கயிற்றை எடுத்து, பின் சீட்டு மெத்தையைச் சுற்றி நாற்காலியோடு சேர்த்து இரண்டு சுற்று விட்டு, கழி போட்டு முறுக்கினேன். பிடித்து ஆட்டினேன். கார்தான் ஆடியது, நாற்காலி அசையவில்லை. "யானைய கட்டலாம், ஏறு" என்றேன்.

"நெல்ல வெச்சி ஓட்டிப் பாருங்க மொதல்ல."

வந்ததே எனக்குக் கோபம். மாமனார் நிற்கிறார், டிரைவர் நிற்கிறார், என் கட்டை இவள் சோதிப்பதா? ஆனால் அவள் அதற்குள் ஒரு துணிப்பையில் நெல்லைக் கொட்டி, ஒரு கையில் பையும் ஒரு கையில் குழந்தையுமாகத் தூக்கிப் பார்த்து, எடை சரியாகும்வரை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். பையை நாற்காலியில் வைத்து வார்களை மாட்டினாள். அவளுக்குப் புத்தி வரட்டும் என்று நான் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

ஏரிக்கரை ரோடு காலியாக இருந்தது. டிரைவர் வேகம் பிடித்தார். "பிரேக்க போடுண்ணே" என்றேன். போட்டார். என் முதுகில் யாரோ உதைத்தது போல் ஒரு இடி. நெற்றி கண்ணாடியில் இடித்தது. திரும்பிப் பார்த்தேன். கயிறு இறுக்கமாக இருந்தது. கழி கூட நகரவில்லை. கட்டோடு பின் சீட்டு மெத்தையே பெயர்ந்து வந்து என் சீட்டில் மோதிக் குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. நெல் பை அடியில் நசுங்கி, வாய் பிரிந்து, நெல் தரையெல்லாம் கொட்டியிருந்தது.

"அது சும்மா வெச்ச மெத்த தம்பி. தூக்குனா கையோட வந்துடும்" என்றார் டிரைவர். பாரத்தை வண்டிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். நான் குழந்தையைக் கொண்டுபோய்ச் சும்மா வைத்த மெத்தையோடு, பாரத்தோடு பாரமாகக் கட்டியிருக்கிறேன். அந்த நெல்லைக் கையால் அள்ளக்கூடத் தைரியம் வரவில்லை.

வாசலுக்குத் திரும்பியதும் மனைவி கதவைத் திறந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "கட்டு நல்லாதான் கீது" என்றாள். பிறகு குழந்தையைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் மண்டி போட்டாள். மெத்தையை எடுக்கச் சொன்னாள். சாய்மானத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி, காரின் உடம்போடு சேர்ந்த இரும்புச் சட்டத்தைக் கண்டுபிடித்தாள். கயிறு இழுபடும் என்று தள்ளிவிட்டு, மாமனாரின் கட்டிலுக்கு வாங்கி வைத்திருந்த புது நாடாவைக் கொண்டுவரச் சொன்னாள். மெத்தையைத் திரும்பப் போட்டு நாற்காலியை மேலே வைத்து, நாடாவைச் சட்டத்தில் மாட்டி, படத்தில் இருந்த அதே ஓட்டை வழியாக விட்டாள். இழுத்து இறுக்கும் வேலையை மட்டும் எனக்குக் கொடுத்தாள்.

அவள் நெல்லை அள்ளிப் பையில் கட்டி நாற்காலியில் வைக்க, மறுபடி ஏரிக்கரைக்குப் போனோம். பிரேக் போட்டதும் என் தலைதான் ஆடியது. நாற்காலி இருந்த இடத்தில் இருந்தது. போதும் என்றாள் அவள். போதாது என்று மூன்றாவது தடவை ஓட்டச் சொன்னது நான். நான்காவது தடவைக்கு டிரைவர், "பெட்ரோல் இன்னா ஏரித் தண்ணியா?" என்று முறைத்தார்.

குழந்தையை வைத்து, வாருக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு விரல் மட்டும் போகும்படி இறுக்கினாள். வாலாஜாபாத் வருவதற்கு முன்பே அது தூங்கிவிட்டது. நான் ஊர் வரும்வரை பின்னால் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். ஆலத்தட்டோடு வந்த அம்மா காருக்குள் எட்டிப் பார்த்து, "இன்னாடா இது, பச்சக் கொயந்தய வைக்கப் பாரம் மாதிரி கட்டிக்கினு வந்துகீற?" என்றாள். கூட்டத்தில் யாரோ, "அவன் கட்டுனா எமன் வந்தாலும் அவுக்க முடியாதே" என்று கிண்டல் செய்தார்.

எப்போதும் போல மீசையைத் தடவிக்கொண்டு நின்றிருக்கலாம். மனைவியும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். தலையைக் குனிந்து கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் கட்டுனதுல வந்திருந்தா இது உசுரோட வந்திருக்காதுமா" என்றேன். "இது அவ கட்டுனது."