கைஜாடை வீட்டுப் பெண்

"கவர்மெண்ட்ல சும்மா சொல்லித் தர்றதுல புள்ளைக்கு பேச்சு வந்துடுமாம்மா?" என்று கேட்டார் அக்காளின் கணவர். அவர் மகள் பவிக்கு நான்கு வயதாகியும் பேச்சு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அந்தக் கர்வத்தோடு அவளை அரசு மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன்.

காதில் குறையில்லை என்றார்கள். பயிற்சியின் நடுவே பவி கட்டைவிரலை வாயருகே காட்டினாள். நான் உடனே தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

"வீட்லயும் இப்படித்தான் கேப்பாளா?" என்றார் பயிற்சியாளர்.

"எல்லாருமே அப்பிடித்தான் மேடம். தறி ஓடிக்கினே இருக்குது, யாரு கத்தறது?"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் சோறு கேட்பதும் கதவைத் திறக்கச் சொல்வதும் ஜாடையில்தான். அவள் பேசாதது எங்களுக்கு வெகுநாள் உறுத்தவேயில்லை.

"அது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாதும்மா. ஆனா கொஞ்சம் காத்திருந்து குடுங்க."

பாட்டிலை மூடிப் பிடித்துக்கொண்டேன். பவி என் வாயையே பார்த்தாள். என்ன வரப்போகிறதென்று நானும் பார்த்தேன்.

"ண்ணி" என்றாள்.

அவளுக்குள் இன்னும் எத்தனை சொற்கள் காத்திருக்கின்றனவோ! பயிற்சியாளரோ வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறார். இன்னொரு நாளும் அவரை அனுப்பக் கேட்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு வந்தேன்.