ஸ்கேனில் தெரியாத வலி

கம்பம் ஊரிலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் ஜீப் பள்ளத்தில் இறங்கியபோது, மேல்கம்பியில் என் தலை இடித்தது. ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு மாதமாகியும் தலைவலி விடவில்லை.

"ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாக. பெறகென்ன வலி?" என்றார் கணவர். எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வலியை மறைத்து வேலைக்குப் போனேன். ஒருநாள் தோட்டச் சரிவில் தலைசுற்றி உருண்டேன். ஏலச்செடித் தூர் ஒன்று தடுத்ததால் பிழைத்தேன்.

மறுபடி டாக்டரிடம் போய், "என் வலி பொய்யில்ல சார்" என்றேன்.

"பொய்னு யாரும்மா சொன்னா? ரத்தக்கசிவு இருக்கான்னுதான் ஸ்கேன்ல பாத்தோம். வலி அதுல தெரியாது" என்றார்.

இப்போது வலி வரும் நேரங்களைக் குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, மருத்துவம் பார்த்துக்கொள்கிறேன். ஜீப்பில் யாருக்குத் தலையில் அடிபட்டாலும், ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகும், மாதக்கணக்கில் விடாமல் கேட்கிறேன்: "இன்னும் வலிக்குதா ஆத்தா?"