பிணமாக நடித்த ராமதாஸும் ஒரு சிரிப்பு ஷாட்டும்

நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. என் பிழைப்பு அப்படி. ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜின் கீழ் அறையில் உட்கார்ந்துகொண்டு, மதுரைப் பக்கம் படம் எடுக்க வருகிற கம்பெனிகளுக்குக் கூட்டத்தில் நிற்க ஆள், அடி வாங்க ஆள், ஒப்பாரி வைக்க ஆள் என்று பிடித்துக் கொடுத்தேன். குதிரை ஓட்டத் தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்பான். கூட்டிப் போய்ப் பார்த்தால் ஆட்டுக்குட்டியைப் பிடிக்கக்கூட வராது. நீச்சல் தெரியும் என்றவனைக் கண்மாயிலிருந்து தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கிறேன். இப்படிப் பொய்களுக்கு நடுவே இருபது வருஷம் இருந்தால், பெற்ற தாய் 'சாப்பிட்டியாப்பா' என்று கேட்டாலும் இவள் எதற்குக் கேட்கிறாள் என்றுதான் தோன்றும்.

அப்பேர்ப்பட்ட நான் ராமதாஸை நம்பினேன். காரணம், எதையும் தெரியும் என்று அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

1991ஆம் வருஷம். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சாவு வீட்டுக் காட்சி எடுத்தார்கள். பிணமாகப் படுக்க நான் கொண்டுவந்த ஆள், மூக்கில் ஈ உட்கார்ந்ததும் தும்மினான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. டைரக்டர் என்னை முறைத்த முறைப்பில் நானே போய்ப் படுத்துவிடலாமா என்றிருந்தது. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் கன்னம் ஒட்டிப்போய் ஒல்லியாக ஒருவர் நின்றார். சௌராஷ்டிரர், கைத்தறி நகரில் சாயப்பட்டறை வேலை. விரல் நகமெல்லாம் நீலம்.

"படுக்கிறீகளா?" என்றேன்.

"தெரியலண்ணே. படுத்துப் பாக்குறேன்."

படுத்தார். அதே ஈ வந்து அவர் உதட்டின் மேல் நடந்தது. அவர் அசையவில்லை. ஒப்பாரி வைக்க வந்த ஒருத்தி நிஜமாகவே பயந்துபோய் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

அதற்கப்புறம் ஏழு வருஷம், மதுரையைச் சுற்றி எந்தப் படத்தில் சாவு விழுந்தாலும் ராமதாஸ்தான். கதாநாயகனின் அப்பாவாகச் செத்தார். பஞ்சாயத்து கிளார்க்காகச் செத்தார். உண்மையைச் சொல்ல வாயெடுத்ததும் குத்துப்பட்டுச் செத்தார். டைட்டிலில் பெயர் வந்ததில்லை. ஆனால் முகம் ஊருக்கே தெரியும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் இவரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசிப்பான்; யோசித்துப் பிடிபடாமல், எதற்கும் இருக்கட்டும் என்று தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வான்.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், ஷாட் முடிந்ததும் எழுந்து, ஓடுகிற கேமராவைப் பார்த்து ஒருதரம் சிரித்துவிட வேண்டும். சிரிக்காமல் வீட்டுக்குப் போனால் நடித்தது பலித்துவிடும் என்பார்கள். அந்தச் சிரிப்பு எந்தப் படத்திலும் வராது. எடிட்டிங்கில் வெட்டி எறிந்துவிடுவார்கள்.

இந்த வழக்கத்துக்குக் காவல் அவர் மனைவி சூடாமணி. சந்தேகத்தில் அவள் எனக்கே அக்கா. காய்க்காரனின் தராசைத் தூக்கி அடியில் புளி கிளி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். பால்காரன் கண்ணெதிரே கறந்தாலும் முதலில் செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வாள். ராமதாஸ் படப்பிடிப்பு முடிந்து வந்தால் வாசலிலேயே நிறுத்தி ஒரே கேள்வி: "சிரிச்சீங்களா?" அவர்களுக்குள் அவர்கள் பாஷைதான், நான் கூட இருந்தால் எனக்கும் சேர்த்துத் தமிழில் கேட்பாள். அவர் ஆமாம் என்றதும் முகத்தை உற்றுப் பார்ப்பாள். அப்புறம்தான் கால் கழுவத் தண்ணீர். ஊரையே நம்பவைத்த அந்த முகத்துக்கு அவளிடம் மட்டும் ஒரு பொய்யும் சொல்ல வராது.

1998 ஆவணியில் பேரையூர்ப் பக்கம் ஒரு கம்பெனி இறங்கியது. ராமதாஸைப் பாடையில் வைத்து எடுத்தார்கள். ஷாட் முடிந்ததோ இல்லையோ, ஹீரோவுக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓடினார்கள். பாடையில் எழுந்து உட்கார்ந்த ராமதாஸ் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இது போதும்லண்ணே?"

"போதும், எந்திரிங்க" என்றேன். அது என் தப்பு.

நாலாம் நாள் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்று இடத்தில் அடைப்பு, இரண்டு நாளைக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொன்னார். மனைவி கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைக் கையில் வாங்கிய சூடாமணி கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள்.

"பேரையூர்ல சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்."

"கேமராவப் பாத்தா?"

அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டாள்.

"அதே கேமராவப் பாத்துச் சிரிக்கட்டும். அப்புறம் எங்க வேணாலும் கையெழுத்துப் போடுறேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உசுரு போயிரும் தங்கச்சி! படிச்ச டாக்டரு சொல்றாரு, ஒனக்குச் சிரிப்பு கேக்குதா?"

"அந்த உசுருக்குத்தான்ணே சொல்றேன். நெஞ்சத் தொறக்கப் போறாக. தோஷத்தோட தொறக்க விடுவனா?"

அவள் மசியவில்லை. மறுநாள் காலையில் டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி, வாடகைக் காரில் அவரைப் படுக்கவைத்து, கம்பெனி இன்னும் தங்கியிருந்த பேரையூருக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் தலை என் மடியில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் எனக்கு உயிர் போய் வந்தது.

டைரக்டர் கையை விரித்தார். கடைசி ரோல் ஓடுகிறது, கிளைமாக்ஸுக்கே பத்தாது என்றார். காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவர் கேமரா உதவியாளன் வீரணனைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். வீரணன் கறுப்புத் துணிக்குள் கையை விட்டு எதையோ கழற்றினான், எதையோ மாட்டினான்.

"துணிக்குள்ள என்ன செய்றாக?" என்றாள் சூடாமணி.

"புது ஃபிலிம் மாட்டுறான் தங்கச்சி" என்றேன். பச்சைப் பொய். ஃபிலிமை எடுத்துவிட்டான்.

வெயிலில் ஒரு நாற்காலி போட்டு ராமதாஸை உட்காரவைத்தோம். கேமரா ஓடியது. ஃபிலிம் ஓடினால் கரகரவென்று ஒரு சத்தம் கேட்கும். காலியாக ஓடினால் மோட்டார் முனகுவது மட்டும்தான். ஏழு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை மட்டுமே கேட்டுக் கிடந்த மனிதருக்கு அது தெரியாதா? ஒரு நொடி என் பக்கம் திரும்பினார். கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. பிறகு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணப் பந்தியில் கேலி பேசிச் சிரிக்கிற மாதிரி, பல்லெல்லாம் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தார். லைட்மேன்களும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள். டைரக்டர் மட்டும் வேறு பக்கம் திரும்பி நின்றார்.

சூடாமணி நேரே வீரணனிடம் போனாள். "தம்பி, உள்ள ஃபிலிம் இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

அவள் நம்பவில்லை. என்னைக் கேட்கவேயில்லை. கணவரிடம் வந்து, குனிந்து, முகத்துக்கு நேரே கேட்டாள். "இருந்துச்சா?"

"இருந்துச்சு சூடா. எனக்கு அந்தச் சத்தம் தெரியாதா?"

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் அவர் நெற்றி வேர்வையைத் துடைத்து, "வாங்க, போவோம்" என்றாள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது என்றார்கள். ஒன்பதாம் நாள் காலையில் காப்பி கேட்டவர், அது வருவதற்குள் போய்விட்டார். பேரையூருக்குப் போய்வந்ததால் ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார். நான் நம்பவில்லை. தோஷத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தக் காலிக் கேமரா இன்றைக்கும் நினைவில் ஓடுகிறது. சூடாமணியோ துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "சிரிச்சதுனாலதான் ஒம்பது நாளாச்சும் எங்கூடப் பேசிட்டிருந்தாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் மாதம் லாட்ஜுக்கு வந்தாள்.

"அவரு சிரிச்ச ஃபிலிம் துண்ட வாங்கிக் குடுங்கண்ணே. படத்துல பூராம் செத்துத்தான் கெடக்காரு. கல்யாண போட்டாவுலகூட முறைச்சுக்கிட்டு நிக்கிறாரு. சிரிச்சது அது ஒண்ணுதான்."

பழைய படங்களின் துண்டுகள் எல்லாம் எப்போதோ எடைக்குப் போய்விட்டன. அது அவளுக்கும் தெரியும். இந்தப் படம் அப்போதுதான் வெளிவந்திருந்தது. சென்னையில் தேடுகிறார்கள் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த மாதமும் வந்தாள், அதற்கடுத்த மாதமும். இரண்டு வருஷம் வேறு வேறு பொய்களாகச் சொன்னேன். கடைசியில் அவள் சந்தேகம் என் மேலேயே திரும்பியது. அந்தத் துண்டை யாருக்கோ விற்றுவிட்டேன் என்று தெருவெல்லாம் சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன்.

2000ஆம் வருஷம் ஒரு நாள் காலையில் துணிப்பையோடு வந்து நின்றாள். திண்டுக்கல்லைத் தாண்டிப் போயிராதவள்.

"சென்னைக்குப் போறேன். ஒவ்வொரு ஃபிலிம் லேபா ஏறிக் கேக்கப் போறேன். அட்ரஸ் மட்டும் எழுதிக் குடுங்க."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்புத் துணி, காலிக் கேமரா, மோட்டார் முனகியது, நான் சொன்ன பொய், அவர் சொன்ன பொய் எல்லாம். செருப்பைக் கழற்றி அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் பதற்றமே இல்லாமல் எழுந்தாள்.

"நீங்க எம்புட்டுப் பொய் வேணாலும் சொல்லுங்கண்ணே. ஃபிலிம் இருந்துச்சுன்னு அவரே எங்கிட்டச் சொன்னாரு. எங்கிட்டப் பொய் சொல்ல அவருக்கு வராது."

"தங்கச்சி, நில்லும்மா..."

"வாரேன்" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டாள். நான் வாசல் வரை ஓடினேன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு எந்த பஸ் போகும் என்று பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டாள். அவர் கையைக் காட்டினார். அதை நம்பாமல் பக்கத்தில் நின்ற இன்னொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.