உப்புப் பார்க்க ஒரு நாக்கு

ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் சேலம் பஸ் நின்றதும் இறங்குகிறவர்கள் முதலில் ஸ்வெட்டரை மாட்டுவார்கள், அடுத்து எங்கே சாப்பிடலாம் என்று கேட்பார்கள். சனி ஞாயிறு என்றால் அதற்கு ஒரே பதில்தான். காதர் ஓட்டலில் பிரியாணி, அதை ஒட்டினாற்போல் இன்பமேரி கடையில் காப்பி. ஏரியில் படகு விடுவதெல்லாம் அதற்கப்புறம்தான் என்று ஜீப் டிரைவர்கள் அடித்துச் சொல்வார்கள். இந்த ஊரில் டிரைவர்கள் சொன்னால் வேதவாக்கு.

காதர் ஓட்டல் என்று பேர்தானே தவிர, ஜீப் ஓட்டுகிற அப்துல் காதருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. கரண்டி பிடித்தவள் அவர் மனைவி ஆசியா. வீட்டு முன்னறையில் இரண்டு பெஞ்சு போட்டு அவள்தான் கடையை ஆரம்பித்தாள். போர்டு எழுத வந்த பெயிண்டர், பெண்பிள்ளை பேரிலும் ஒரு கடையா என்று தானாகவே காதர் பேரை எழுதிவிட்டுப் போய்விட்டான். பன்னிரண்டு வருஷமாக அது அவளுக்கு ஆறாத குறை. கோடை விழாவில் ஏரிக்கரையில் ஒரு கடை போட வேண்டும், அதன் நெற்றியில் ‘ஆசியா பிரியாணி’ என்று கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அந்த ஆசைக்குக் குறுக்கே நின்றவர் ஆறுமுகம். விழாவில் யார் யார் சாப்பாட்டுக் கடை போடலாம் என்று சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிற சேலத்துப் பெரிய மனிதர். குற்றம் கண்டுபிடிக்காமல் சாப்பிட்டால் அவருக்குச் செரிக்காது. முதல் வருஷம் வந்து காரம் தூக்கல் என்றார். அடுத்த வருஷம் அரிசி குழைந்துவிட்டது என்றார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மார்ச் மாதம், குருத்து ஞாயிறன்று மூன்றாம் முறையாக வருவதாகச் சொல்லி அனுப்பினார். ஆசியா சனிக்கிழமை அடுப்பே மூட்டாமல் கடையைக் கழுவித் துடைத்து வைத்தாள்.

அது நோன்பு மாதம். அந்த மாதத்தில் அவள் வாசலில் திரை கட்டி, வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் சமைப்பாள். உப்புப் பார்ப்பது இன்பமேரியின் வேலை. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் பாதகமில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லியிருந்தார். ஆசியாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. இன்பமேரி ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கி, கண்ணை மூடி, இன்னும் ஒரு சிட்டிகை என்பாள். அவள் நாக்கு தப்பியதே கிடையாது. ஆனால் நோன்பு வருஷா வருஷம் பத்துப் பதினொரு நாள் முன்னால் வருகிறது அல்லவா? கடை ஆரம்பித்தபோது ஆகஸ்டில் இருந்தது, நகர்ந்து நகர்ந்து அந்த வருஷம் இன்பமேரியின் தவக்காலத்தோடு வந்து முட்டிக்கொண்டது. ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம் நாற்பது நாளும் அவள் கறி தொடமாட்டாள். இரண்டு புத்திசாலிகளுக்கும் அது முன்கூட்டித் தோன்றவில்லை.

ஞாயிறு காலை அண்டாவில் கறி மசாலாவோடு கொதித்துக்கொண்டிருந்தது. பூசை முடித்துக் குருத்தோலையும் கையுமாக வந்த இன்பமேரி, பவனியில் எஸ்டேட் ரைட்டர் சிங்கராயரின் வேட்டி வேலி முள்ளில் மாட்டிய கதையைச் சொன்னாள். அவர் பாட்டை நிறுத்தாமலே வேட்டியை இழுத்தாராம். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது ஆசியாவின் கை உப்பு ஜாடிக்குள் இருந்தது. போட்டுவிட்டு அடுத்த கை அள்ளுகிறாளா, இனிமேல்தான் போடப் போகிறாளா? அவளுக்கே தெரியவில்லை.

பழக்கதோஷத்தில் இன்பமேரி கரண்டியை எடுத்து உள்ளங்கை வரைக்கும் கொண்டுபோய்விட்டாள்.

“அக்கா, எனக்குத் தவக்காலமுங்க” என்றாள் பாதியில் நின்று. ஆசியாவின் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. “பரவால்லீங்க, நான் சாமிகிட்டச் சொல்லிக்கறேன்.”

ஆசியா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். “வேண்டாங் கண்ணு. என் போர்டுக்காக உன் நாப்பது நாளைக் கெடுக்க மாட்டேன்.”

இன்பமேரி நாக்குத் தேடி ஓடினாள். கொய்யாப்பழ வண்டிக்காரர் பொன்னுவேல் பங்குனி உத்திரத்துக்குப் பழனி போக மாலை போட்டிருந்தார். தையல்கடை ஷேக் தாவூத் நோன்பு. போட்டோக் கடை பாக்கியநாதன் தவக்காலம். அப்போதுதான் பஸ்ஸில் வந்திறங்கிய புதுமணத் தம்பதியை மடக்கினால், அவர்கள் முட்டைகூடத் தொடாத சைவம். மூன்று சாமிகளும் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒண்டிக்கடை முழுக்க விரதம். ஊறிய அரிசி இனியும் பொறுக்காது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. உப்பு இரண்டு முறை விழுந்த பண்டமோ குப்பைக்கும் ஆகாது.

அந்த நேரம் பார்த்துக் காதரின் ஜீப் வந்து நின்றது. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னாலேயே நான்கு பேரோடு ஆறுமுகம் இறங்கினார். குற்றம் பார்க்க வருகிறவர்கள் சீக்கிரமே வந்துவிடுவார்கள்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? ஆசியா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரையை விலக்கினாள்.

“ஏனுங்கய்யா, உள்ளே வந்து கொஞ்சம் உப்புப் பார்த்துச் சொல்லோணும். போட்டேனா இல்லையான்னு மறந்து போச்சுங்க. எங்க ஊர்ல இன்னைக்கு உங்க நாக்கு ஒண்ணுதான் பாக்கி.”

காதருக்கு ஜீப்புக்குள் திரும்பி ஏறிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆறுமுகமோ வாசலிலேயே நின்றுவிட்டார். எத்தனையோ ஓட்டலில் இலை முன்னால் உட்கார்ந்து குறை சொன்ன மனிதரை இதுவரை ஒருவரும் அடுப்படிக்குக் கூப்பிட்டதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கரண்டியை வாங்கி ஊதி ஊதிக் குடித்தார்.

“உப்பே போடலம்மா” என்றார்.

ஆசியா ஜாடியை நீட்டினாள். “உங்க கையாலயே போடுங்கய்யா.”

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஒரு கை போட்டார், பார்த்தார். அரைக் கை போட்டார், பார்த்தார். முகட்டைப் பார்த்து யோசித்து இன்னும் ஒரு சிட்டிகை தூவி, “இப்ப அரிசியைப் போடும்மா” என்று உத்தரவு கொடுத்தார். தம் உடைக்கும்வரை அடுப்படியை விட்டு அவர் நகரவில்லை.

அன்று அவர் இரண்டு தட்டுச் சாப்பிட்டார். கூட வந்தவர்கள் தண்ணீர் ஜாடியைக் கைமாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் வாய் திறந்து ஏதோ சொல்ல வந்தார். ஆறுமுகம் அவரை முறைத்து, உப்புன்னா இதுதான்யா உப்பு என்றார். ஏரிக்கரையில் கடை உறுதியாயிற்று. அப்புறம் இன்பமேரி கடைக்குப் போய் ஆளுக்கு இரண்டு காப்பி குடித்தார்கள். அவ்வளவு தாகம்.

பொழுது சாய்ந்து பாங்கு சொன்னதும் ஆசியா பேரீச்சம்பழம் தின்று, கஞ்சி குடித்து, அண்டாவின் அடியில் மிஞ்சிய பிரியாணியில் ஒரு வாய் வைத்தாள். உப்பு ஒரு சிட்டிகை கூடுதல். அந்தக் கடைசிச் சிட்டிகைதான். காதர் பயந்துபோகிற அளவுக்கு அவள் சிரித்தாள். எப்படியிருக்கு, எப்படியிருக்கு என்று இன்பமேரி கெஞ்சினாள். ஈஸ்டர் வரட்டும் என்று ஆசியா சொல்லிவிட்டாள்.

கோடை விழாவில் ஏரிக்கரையில் ‘ஆசியா பிரியாணி’ போர்டு ஏறியது. பெயிண்டர் எழுதி முடிக்கும்வரை அவள் ஏணியடியிலேயே நின்றாள். விரதமெல்லாம் முடிந்து ஒண்டிக்கடையின் அத்தனை நாக்கும் அப்போது சும்மாதான் இருந்தது. ஆனாலும் தினமும் பத்து மணிக்கு ஆறுமுகம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றுவிடுவார். ஆசியா ஒரு நாளும் அவரை வேண்டாமென்று சொன்னதில்லை. அவர் வருவதற்கு முன்பே இன்பமேரியோடு உப்புப் பார்த்து, அவர் கைக்கென்று ஒரு சிட்டிகை குறைத்து வைத்திருப்பாள்.